எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் வேலை இருந்தது

1

எங்கள் பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து கொண்டுவரும் ஆண்டு மலரில் அயல் மண்ணில் வாழ்கிறவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. துபாயிலிருந்து ஒருவர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர், நியூஜெர்சியிலிருந்து ஒருத்தி என்று எழுதுவார்கள். இந்த வருடம் சிங்கப்பூர்க்காரருக்கு நேரமில்லையாம். பெங்களூரில் இருக்கிற விஜயா எழுதட்டுமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆரணியில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினால் அடுத்த வேளை பசிப்பதற்குள் வந்து சேர்ந்துவிடுகிற ஊர் எப்படி அயல் மண் ஆகும் என்று என் அண்ணி போனில் சிரிக்கிறாள். அவள் இங்கே வந்து ஒரு வாடகை வீடு தேடிப் பார்க்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நாங்கள் பெங்களூர் வந்து இந்த ஆனியோடு பத்து வருடம் ஆகிறது. வந்த புதிதில் நானும் என் கணவர் சுந்தரமும் இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஈஜிபுராவில் கேட் கேட்டாகத் தட்டினோம். ஒரு வீட்டில் ஜாதி கேட்டார்கள். ஒரு வீட்டில் கருவாடு வறுப்பீர்களா என்று கேட்டார்கள். சரோஜம்மா வீட்டில் மட்டும் அதெல்லாம் இல்லை. அவர் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ், பழைய பேப்பர்காரரிடம் உருது பேசுவார். நான்கு பாஷையிலும் அதட்டத்தான் வரும். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சட்டம் சொன்னார்.

"வேலை இல்லாதவங்களுக்கு நம்ம மனேல இடம் இல்லை. கெல்சா போச்சுன்னா காலி பண்ணிடணும். அப்புறம் வந்து அழக்கூடாது."

நாங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினோம். சுந்தரத்துக்கு அப்போது பஸ் பாடி கட்டும் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. பஸ் உள்ளவரை அந்த வேலையும் இருக்கும் என்று நம்பியிருந்தோம்.

2

இரண்டாயிரத்தில் பெங்களூரில் எல்லாருக்கும் ஒரு கிறுக்குப் பிடித்தது. சுந்தரத்துக்கும் பிடித்தது. பஸ் கம்பெனியை விட்டுவிட்டு, இன்டர்நெட்டில் தேங்காய் விற்கப்போகிற ஒரு கம்பெனிக்கு அக்கவுன்ட்ஸ் மேனேஜராகப் போனார். தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்குகிற ஜனம் இந்தத் தேசத்தில் இன்னும் பிறக்கவில்லை என்று நான் அன்றைக்கே சொன்னேன். சமையலறையில் இருந்துகொண்டு உலகத்தைப் பார்க்காதே என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன், அது எனக்குக் கஷ்டமான காரியம்.

அடுத்த பொங்கலுக்குள் கம்பெனி மூடிவிட்டது. கழுத்தில் மாட்டிய ஐடி கார்டைத் திருப்பி வாங்கக்கூட அங்கே ஆள் மிஞ்சவில்லை. கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு மூட்டை தேங்காய் கொடுத்து அனுப்பினார்கள். அதை அவர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியபோது, கம்பெனி எல்லாருக்கும் போனஸ் கொடுத்திருக்கிறது என்று சரோஜம்மாவிடம் சொன்னேன். ஒரு மாதத்துக்கு எங்கள் வீட்டில் தொட்டதற்கெல்லாம் சட்னி.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் வழக்கம்போல ஷூ போட்டு, கார்டை மாட்டி, டிபன் பாக்ஸோடு படி இறங்கினார். நான் எதுவும் கேட்கவில்லை. ஓனர் ஜன்னலைத் தாண்டாமல் எங்கள் கட்டடத்தில் யாரும் வெளியே போக முடியாது. ஜன்னலுக்கு உள்ளே சரோஜம்மா, ஜன்னலுக்கு வெளியே நாற்காலியில் பேப்பரோடு அவர் வீட்டுக்காரர். அவர் ரிடயர்டு மனிதர், அதிகம் பேசமாட்டார். இரண்டு பேருக்கும் குட்மார்னிங் சொல்லிவிட்டுத் தெருமுனை திரும்பினால்தான் அன்றைய தினம் எங்கள் வீடு எங்களுக்கு நிச்சயம்.

மாடியில் மூன்று பையன்கள் ஒரே அறையில் இருந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம். மூவரும் சாஃப்ட்வேர். அவர்கள் கம்பெனியில் பெஞ்ச் என்று ஒன்று உண்டாம். அதில் உட்கார வைத்தால் சம்பளம் உண்டு, வேலை கிடையாது. நம் ஊரில் சில அரசு அலுவலகங்களில் பார்த்திருக்கிறோமே, அது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் சம்பளமும் போனது, பெஞ்சு மட்டும் கம்பெனியில் இருந்தது. மூவரில் பெரியவன் செல்வம் ஒருநாள் படியில் என்னிடம் இதைச் சொல்லி, ஓனருக்குத் தெரியவேண்டாம் அக்கா என்றான். அப்போதுதான் எங்கள் கதையையும் அவனிடம் சொன்னேன். இருட்டில் ஒரு துணை கிடைத்த மாதிரி எனக்கு ஆறுதலாக இருந்தது.

பையன்களுக்குப் பக்கத்துச் சின்ன அறையில் வரதராஜன் சார். குடும்பம் வேலூரில். இவர் ஒரு பெரிய கம்பெனியில் எச்.ஆர். அதிகாரி. ஆட்களை வேலைக்கு எடுப்பதும், அந்த வருடம் எடுத்தவர்களை அனுப்புவதும் அவர் கையில். ஏழு மணிக்கே இறங்கிவிடுவார். கம்பெனி வேன் சந்துக்குள் வராது, மெயின் ரோட்டுக்கு நடக்க வேண்டும் என்பார். ராத்திரி எட்டு மணிக்கு வந்து, படியில் பையன்களைப் பிடித்து நிறுத்தி, மார்க்கெட் சீக்கிரம் திரும்பும், ஸ்கில்லை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்வார். பையன்கள் ஆபீஸ் களைப்பை முகத்தில் வரவழைத்துக்கொண்டு கேட்பார்கள். அவருக்குத் தெரிந்தால் ஓனருக்குத் தெரிந்துவிடும் என்று நாங்கள் அவரிடம் மூச்சுவிடவில்லை.

3

ஊரில் இந்தத் தொல்லையே கிடையாது. நம் பக்கத்தில் வேலையில்லாமல் இருப்பது ஒரு கௌரவம், அதைப் பதிந்தே வைப்போம். ப்ளஸ் டூ முடித்த வாரமே எங்கள் வகுப்பு மொத்தமும் பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கல்யாணமானவள் புதுப்பித்தாள், கடை வைத்தவன் புதுப்பித்தான், தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்து தனக்கு வேலையில்லை என்று புதுப்பித்தாள்.

என் அண்ணனைச் சொல்ல வேண்டும். அரிசி மண்டி வைத்திருக்கிறார். பத்துப் பேருக்குக் கூலி கொடுக்கிறார். இன்னமும் விடாமல் புதுப்பிக்கிறார். சீனியாரிட்டி போய்விடக்கூடாதாம். புதுப்பிக்கப் போகிற நாளில் மண்டியைக் கணக்குப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு, தன் சொந்த வண்டியில் போய், வேலையில்லாதவராகத் திரும்பி வருவார். அரசாங்கம் அவருக்கு வேலை கொடுக்கிற நாளில் ஆரணியில் பத்துப் பேருக்கு வேலை போகும்.

அங்கே வேலை உள்ளவர்கள் எல்லாரும் கணக்கில் வேலை இல்லாதவர்கள். இங்கே வேலை இல்லாத நால்வர் தினமும் ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு பக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஒருவேளை உண்மை வரும் என்று அந்த நாட்களில் நினைத்துக்கொள்வேன்.

4

இதை நான் எழுத எழுத, என் மகள் யாழினி தோள்மேல் சாய்ந்து வாசிக்கிறாள். பன்னிரண்டு வயது. தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒரு பக்கம் முடிப்பதற்குள் எனக்குத் தோள் வலிக்கிறது. பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் கன்னடம், என்னோடு சண்டை போடும்போது மட்டும் தமிழ். அதுவும் சூடேறினால் பாதியில் கன்னடத்துக்குத் தாவிவிடும். ஆரணிக்குப் போனால் அவள் மாமா பிள்ளைகள் அவளைக் கன்னடக்காரி என்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவளுக்கு ஒன்றும் இல்லை, "ஹௌது", ஆமாம் என்று சிரிக்கிறாள்.

அந்த வருடம் அவளுக்கு ஏழு வயது. அப்பா எங்கே என்று யார் கேட்டாலும் ஆபீஸ் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தோம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஒப்பிக்க வைப்பேன். வாய்ப்பாட்டைவிட இதை நன்றாகச் சொல்வாள்.

சம்பளம் நின்ற மாதம் நான் இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தேன். கல்யாணத்துக்கு என் அண்ணன் வாங்கிக்கொடுத்த கிரைண்டர் இருந்தது, அரிசி எது நல்லது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோரமங்களா அபார்ட்மென்டுகளில் மாவு கொடுத்தேன். ஊரே ஹோட்டல் செலவைக் குறைத்துக்கொண்டிருந்ததால், வேலை போகப் போக மாவு வியாபாரம் ஏறியது. வீட்டில் வியாபாரம் செய்யக்கூடாது, கரண்ட் பில் ஏறும் என்பது சரோஜம்மாவின் பொதுவான அபிப்பிராயம். அதனால் அதையும் மறைத்தோம். எங்களுக்கு இட்லி என்றால் உயிர், மூன்று வேளையும் அதுதான் என்று சொல்லி வைத்திருந்தேன்.

காலையில் படி இறங்கிப் போன ஆண்கள் நாள் முழுக்க எங்கே இருப்பார்கள் என்பது அடுத்த பிரச்சினை. முதல் மாதம் சுந்தரம் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்தார். வெயில் ஏறியதும் செல்வம் ஒரு வழி கண்டுபிடித்தான். ஈஜிபுராவில் கட்டடங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். தெருவைச் சுற்றிப் பின்பக்கம் போய், பக்கத்துக் கட்டடத்தின் மாடி ஏறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பின்புற இரும்புப் படியில் இறங்கினால் எங்கள் சமையலறைக் கதவு. ஒன்பது மணிக்கு முன்வாசல் வழியாக ஆபீஸ் போனவர்கள் ஒன்பதரைக்குப் பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மாடி அறையில் இருந்தால் பேச்சுச் சத்தம் கீழே கேட்கும். எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடுவதால் எதுவும் கேட்காது.

முதலில் சும்மா இருந்தார்கள். நான்கு ஆண்கள் சும்மா இருக்கிற வீட்டில் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. உளுந்தை அவர்கள் பக்கம் தள்ளினேன். பி.இ. படித்த மூன்று பேரும் உளுந்துத் தோல் நீக்குவதற்கு ஒரு முறை வகுத்து, பேப்பரில் படம் போட்டு, மீட்டிங் வைத்து, கடைசியில் கையால்தான் கழுவினார்கள். சுந்தரம் கவரில் மாவை நிரப்பி வாய் கட்டினார். வேலை முடிந்ததும் உள் அறையில் கேரம். பலகைக்குப் பவுடர் வாங்கவில்லை, என் அரிசி மாவைத் தூவிக்கொண்டார்கள். நான் திட்டினால், ஆபீசில் இப்படித் திட்டமாட்டார்கள் அக்கா என்பான் செல்வம்.

5

மே மாதம், பள்ளிக்கூடம் பெரிய லீவு. காலை பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சரோஜம்மா, பின்னால் தோள்பையோடு வியர்த்து விறுவிறுத்த ஒரு மனிதர். அரசாங்கக் கணக்கெடுப்பு அதிகாரி, பெயர் நாகராஜப்பா. ஊரில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, எத்தனை பேருக்கு இல்லை என்று கணக்கெடுக்க வந்திருக்கிறார். எங்கள் கட்டடம் அவர் பட்டியலில் விழுந்துவிட்டது. ஓனர் வீட்டை முடித்துவிட்டு மேலே வந்திருந்தார். அரசாங்கத்து ஆளைத் தனியாக அனுப்ப சரோஜம்மாவுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது, கூடவே வந்து நின்றுகொண்டார்.

உள் அறையில் நால்வர். நான் கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றேன். அதிகாரி கேட்டதற்கெல்லாம் மளமளவென்று சொன்னேன். வீட்டுக்காரருக்கு வேலை உண்டு, ஆபீஸ் போயிருக்கிறார். மாடிப் பையன்களுக்கு வேலை உண்டு, ஆபீஸ் போயிருக்கிறார்கள். வரதராஜன் சார் அறை பூட்டியிருக்கிறதே என்றார். அவருக்கென்ன, எல்லாரையும்விடப் பெரிய வேலை என்றேன். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இல்லத்தரசி என்று எழுதிவிட்டார். விடியற்காலை எழுந்து இடுப்பு ஒடிய மாவு அரைக்கிறவள் நான். வயிறு எரிந்தது. சரோஜம்மா நின்றதால் ஒன்றும் பேச முடியவில்லை.

அது என்ன சத்தம் என்று கேட்டார் அதிகாரி. பக்கத்து வீட்டில் ஏதோ மெஷின் ஓடுகிறது என்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கிரைண்டர் இரண்டு சுற்று முனகிவிட்டு நின்றது. தெருவே அமைதியானது. அந்த அமைதியில் என் முதுகுக்குப் பின்னால் டொக் என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து, ரெட் போட்டாச்சு, ஃபாலோ போடு என்று என் கணவரின் குரல்.

பூனை என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் மிக மட்டமானது அதுதான்.

அதிகாரி நல்ல மனிதர், என்னை மேற்கொண்டு கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை. ஓரமாக நின்ற யாழினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அப்பா எல்லி, அப்பா எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். பொய்யை நாங்கள் அவளுக்குத் தமிழில்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். கன்னடத்தில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பழக்கவில்லை. கன்னடத்தில் யாராவது கேள்வி கேட்டால் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் பழக்கியிருந்தார்கள்.

"ஒளகடெ கேரம் ஆட்தா இத்தாரே," என்றாள் பளிச்சென்று. உள்ளே கேரம் ஆடிக்கொண்டிருக்கிறார்.

கதவைவிட்டு நகர்ந்தேன். வேறென்ன செய்ய. நால்வரும் வரிசையாக வெளியே வந்தார்கள். முழங்கை வரை அரிசி மாவு. கழுத்தில் நாலு கம்பெனி கார்டும் வரிசையாகத் தொங்கியது. சரோஜம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அட்டைப்பெட்டிக்கு எங்கே போவது, சாமான் ஏற்ற யாரைக் கூப்பிடுவது, யாழினியை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று மனம் அதற்குள் வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டது.

6

நாகராஜப்பா மட்டும் கலங்கவில்லை. எழுதியதை அடித்துவிட்டுப் புதுப் பக்கம் திருப்பினார். போன ஏழு நாளில், ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரமாவது ஏதாவது தொழில் செய்தீர்களா என்று பையன்களைக் கேட்டார். உளுந்து கழுவினோம் என்றான் செல்வம். கூலி உண்டா என்றார். இட்லி உண்டு என்றான். அதிகாரியின் முகம் மலர்ந்தது. பொருளாகக் கூலி வாங்கினாலும் கூலிதானாம். மூவரும் வேலையில் இருப்பவர்கள். சுந்தரம் குடும்பத் தொழிலில் சம்பளமில்லா உதவியாளர், அவரும் வேலையில் இருப்பவர். தொழிலை நடத்துவது யார் என்று கேட்டபோது நான்கு மாவுக் கைகளும் என்னைக் காட்டின. இல்லத்தரசி அடிபட்டு, ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர் என்று ஆனேன். வீடு போகப்போகிற நிமிடத்திலும் எனக்குக் கலெக்டர் ஆன மாதிரி ஒரு பெருமை வந்ததை மறைக்க முடியவில்லை.

வேலையில்லாதவர்களைத் தேடி அரசாங்கம் அனுப்பிய மனிதர் கட்டடம் முழுக்க ஏறி இறங்கி, உண்மையையும் கேட்டுவிட்டு, ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

அப்போது சரோஜம்மா முதல்முறையாகப் பேசினார். இவர்கள் எல்லாரையும் வேலையில் இருப்பதாக எழுதினீர்களே, என்னை என்னவென்று எழுதினீர்கள் என்று கேட்டார். அதிகாரி பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, வாடகை வருமானத்தில் வாழ்கிறவர், வேலை செய்யாதவர், வேலை தேடாதவர் என்று படித்தார். அவர் வீட்டுக்காரரும் அப்படித்தானாம். சரோஜம்மா நான்கு பாஷையிலும் கத்தினார். அத்தனை குடித்தனத்துக்கும் மோட்டார் போடுவது யார், டேங்க் கழுவ ஆள் கூப்பிடுவது யார், சாக்கடை அடைத்தால் கம்பியோடு நிற்பது யார். நாகராஜப்பா பணிவாகக் கேட்டுக்கொண்டார். கணக்கெடுப்பின் இலக்கணத்தில் அதற்கு இடமில்லை என்றார். ஆக, வேலை இல்லாதவர்களுக்கு வீடு கிடையாது என்ற கட்டடத்தில் வேலை இல்லாத ஒரே குடும்பம் அதன் ஓனர் குடும்பம்தான். செல்வம் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் சுந்தரம் பேசினார்.

"சார், அது சரியில்ல சார். நான் பி.காம். படிச்சு இத்தனை வருஷமா கணக்கு எழுதினவன். வேலை போய் அஞ்சு மாசமாச்சு. போகாத கம்பெனி இல்ல. எனக்கு வேலை இல்ல சார். அப்படியே எழுதுங்க."

அவர் குரல் உயரவில்லை. அந்த ஐந்து மாதத்தில் அவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னிடம்கூடச் சொன்னதில்லை. தேங்காய் மூட்டையை இறக்கினார், நான் புரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

எழுத வழியில்லையே என்றார் அதிகாரி, வருத்தமாக. "நீங்கதான் இட்லி மாவு கட்டிட்டீங்களே."

சரோஜம்மா தரையில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதட்டல் இல்லாத தமிழில் பேசினார், அப்படி ஒன்று அவரிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"எங்க வீட்டுக்காரர் ரிடயர்டுன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். ரிடயர்டு எல்லாம் இல்லை. ஃபேக்டரி மூடிட்டாங்க. மூடினதை எனக்குச் சொல்லாம ஒரு வருஷம் டப்பா எடுத்துட்டுப் போனார். எங்கயோ பார்க்ல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு வருவார். எனக்கு மொதல் வாரமே தெரியும். வேலைக்குப் போறவன் படி இறங்குற சத்தம் வேற, சும்மா போறவன் இறங்குற சத்தம் வேற. ஆனா நான் கேக்கலை. சாயங்காலம் டப்பாவை வாங்கி, சாரு சென்னாகித்தா, ரசம் நல்லா இருந்துச்சான்னு மட்டும் கேப்பேன்."

தரையில் சிந்தியிருந்த மாவை விரலால் வழித்து ஓரமாகத் தள்ளினார்.

"அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை என் படியில கேக்க முடியாதுன்னுதான் ரூல் வச்சேன். இப்போ பாருங்க, அஞ்சு பேர் அப்படியே இறங்குறீங்க. எனக்குத் தெரியாதா? நானா கேட்டா நீங்க காலி பண்ணணும். அதனால கேக்கலை."

நாகராஜப்பா பேனாவை மூடுவதா திறப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது என்ன எழுதட்டும் என்று யாரிடமோ கேட்டார். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார் சரோஜம்மா. எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, வாசலில் திரும்பிச் சுந்தரத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு லுங்கியோட இறங்குங்க சாமி. அந்தப் பாலிஷ் போட்ட ஷூவை இனிமே என்னால பார்க்க முடியாது."

ஐந்து பேர் என்றாரே, நான்குதானே என்று அவர் போன பிறகு எனக்குத் தோன்றியது. தன் வீட்டுக்காரரையும் சேர்த்து எண்ணிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

7

சில மாதம் கழித்துப் பேப்பரில் நாட்டின் வேலையின்மை சதவீதம் வந்தது. ரொம்பச் சின்ன எண். சுந்தரம் அதைப் படித்துவிட்டு, இதில் உளுந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியவில்லையே என்றார். அவர் என்னிடம் முறைப்படி வேலைக்குச் சேர்ந்ததும், கிரைண்டர் மூன்றானதும் பின்னால் நடந்தவை. நான் சொல்ல வந்தது அந்த மறுநாள் காலையைப் பற்றி.

ஒன்பது மணிக்கு அவர் லுங்கி கட்டிக்கொண்டு முன்வாசல் படியில் இறங்கினார். என்னால் உள்ளே இருக்க முடியவில்லை, யாழினியோடு வாசலில் வந்து நின்றேன். மேலேயிருந்து செல்வமும் மற்ற இரண்டு பையன்களும் அதே கோலத்தில் இறங்கி வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். சரோஜம்மா ஜன்னலில் இருந்தார். அவர் எங்களைப் பார்க்கவில்லை, இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன்களுக்குப் பின்னால் இன்னொருவர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். வரதராஜன் சார். ஏழு மணிக்கே போய்விடுகிறவர் ஒன்பது மணிக்கு லுங்கியில் இருந்தார். முந்தின ராத்திரி படியேறும்போது சரோஜம்மா அவரையும் நிறுத்திச் சொல்லியிருக்கிறார். கழுத்தில் மட்டும் பழக்கத்தில் கார்டு. கம்பெனியில் எல்லாரையும் அனுப்பி முடித்த பிறகு கடைசியாக அவரை அனுப்பிவிட்டார்களாம். வேனும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான்கு மாதமாக, வேலை கேட்டு அலைந்த நேரம் போக, காலை முதல் ராத்திரி வரை கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். அவருக்குப் பயந்து நாங்கள் பின்படியில் ஒளிந்தோம். எங்களுக்குப் பயந்து அவர் ஸ்டேஷனில் ஒளிந்திருக்கிறார்.

போன ஏழு நாளில் ஒரு மணி நேரம்கூட எந்த வேலையும் செய்யாதவர், வேலை தேடிக்கொண்டிருப்பவர். நாகராஜப்பாவின் இலக்கணத்துக்கு அச்சாகப் பொருந்துகிற ஒரே ஆள் எங்கள் கட்டடத்தில் அவர்தான். அவர் அறை பூட்டியிருந்தபோது, அவருக்குத்தான் எல்லாரையும்விடப் பெரிய வேலை என்று சொல்லி எழுத வைத்தவள் நான்.

என் எதிரே வந்து நின்றார். எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டு வேலைக்கு எடுத்த மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மேடம், உங்ககிட்ட எனக்கு ஏதாவது வேலை இருக்குமா?"

கழுவாத உளுந்து உள்ளே நிறைய இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வாங்க சார் என்றேன்.